நான்கு படிகள், பதினேழு வரிச் செங்கல்

சம்பந்தி அம்மாவின் சத்திரசிகிச்சைக்கு இன்னும் இருபத்துமூன்று நாட்கள் இருந்தன. ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாடு முடிந்து மேசையைத் துடைத்துக்கொண்டிருந்தபோது அவர் தன் அறையிலிருந்து ஒரு படத்தைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார்.

சம்பந்தி அம்மா என்று நான் சொல்வது என் மருமகளைப் பெற்றவரை. ஐரிஷ் வழி வந்த கத்தோலிக்கர். அவருடைய தாயைப் பெற்றவர்கள் இரண்டு பேரும் அயர்லாந்திலிருந்து ரொறன்ரோவுக்கு வந்து, முதல் உலகப் போருக்கு முன்பு இங்கே கலியாணம் செய்தவர்கள். அவருக்கு எண்பத்தாறு வயது, எனக்கு எண்பத்தொன்று. கணவர் இறந்த பிறகு அஜின்கோர்ட்டில் என் மகன் வீட்டுக் கீழறையில் இருக்கிறார். நானும் மனைவியும் டோர்செட் பார்க்கில், பதினான்காம் மாடியில். இரண்டு வீட்டுக்கும் இடையில் இருபத்திரண்டு பஸ் தரிப்புகள்.

படம் உள்ளங்கையளவு. அவருடைய பாட்டனும் பாட்டியும் கலியாணம் முடிந்து நிற்கிற ஒரே படம். "இது எந்தக் கோவில் என்று கண்டுபிடித்துத் தாரும்," என்றார். "அங்கே ஒரு பூசை வைத்துவிட்டுத்தான் டாக்டரை என் நெஞ்சில் கை வைக்க விடுவேன்."

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் விஷயம் சிரிப்பானதல்ல. அவருடைய அக்கா இறப்பதற்கு முன்பு ஒரு சண்டையில் சொன்னாராம்: பாட்டனும் பாட்டியும் எந்தக் கோவிலிலும் கலியாணம் செய்யவில்லை, அதனால்தான் ஒரு பத்திரமும் இல்லை, இந்தப் படம் யாரோ ஒருவருடைய வீட்டு வாசலில் எடுத்தது. அந்த வார்த்தையைத் திரும்ப எடுக்காமலே அக்கா போய்விட்டார். நாள் தவறாமல் பூசைக்குப் போகிற மனுசிக்கு அது முள்ளாக இருந்திருக்கிறது. இதய வால்வு மாற்றப் போகிறார்கள் என்றதும் முள் ஆழமாகப் போய்விட்டது.

என்னிடம் கேட்டதற்குக் காரணம் உண்டு. இலங்கையில் நில அளவைத் திணைக்களத்தில் பத்தொன்பது வருடம் படவரைஞராக இருந்தேன். கண்ணில் பட்டதை எண்ணுவது அங்கே பிடித்த பழக்கம், விடவில்லை.

உருப்பெருக்கி வைத்துப் பார்த்தேன். செங்கல் சுவர். நான்கு கற்படிகள். பாதி திறந்த ஒரு கதவு. இடது பக்கம் வளைந்த யன்னலின் ஒரு துண்டு. மேற்படியில் மாப்பிள்ளையும் பொம்பிளையும், கீழே சாட்சிக்காரர் போல ஓர் ஆணும் பெண்ணும், வலது ஓரத்தில் கறுப்பு அங்கி போட்ட ஒரு தோள். அது குருவானவராக இருக்க வேண்டும். ஆக ஐந்து பேர். மேற்படியிலிருந்து யன்னலின் அடி வரைக்கும் செங்கல் வரிகளை எண்ணினேன். பதினேழு.

என் மனைவியும் எட்டிப் பார்த்தாள். "ஒரு பூவையும் காணேல்லை," என்றாள். பிறகு கோப்பைகளைக் கழுவப் போய்விட்டாள். கலியாணப் படத்தில் பூவைத் தேடுகிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

மருமகள் அரசாங்கப் பதிவில் முன்பே தேடியிருந்தாள். குடும்பப் பெயரை ஐந்து விதமாக எழுதியும் கிடைக்கவில்லை. பழைய கோவில்களின் ஏடுகளை வைத்திருக்கும் அலுவலகம் ஒன்று உண்டு. அங்கே கேட்டபோது, கோவிலின் பெயரைச் சொன்னால் தேடலாம், ஒரு தடவைக்கு ஒரு கோவில், பத்து நாளாகும் என்றார்கள். ஐந்து நாளைக்குள் நான் கோவிலைப் பிடித்துக் கொடுத்தால் பதினெட்டு நாள் மிஞ்சும். பதினெட்டுக்குள் பத்து ஒரு தடவைதான் போகும். பிழையாகப் போனால் இரண்டாவது தடவைக்கு நாள் கிடையாது.

ஐரிஷ் சனங்கள் அந்தக் காலத்தில் இருந்த பகுதிகளில் இன்றும் நிற்கிற கோவில்கள் ஒன்பது. திங்கள் காலை புறப்பட்டேன். முதலாவது பார்க்டேலில். நாங்கள் இந்த நாட்டுக்கு வந்த புதிதில் அந்தத் தெருவுக்குப் பின்னால்தான் ஓர் அறையில் நான்கு பேராக இருந்தோம். முகப்பில் பதினொரு படிகள். கொப்பியில் பதினொன்று என்று எழுதி ஒரு கோடு போட்டு வெட்டினேன். புல்லில் கால் வைக்கக்கூட இல்லை. அங்கே நின்றது இரண்டு நிமிடம்.

நானும் கத்தோலிக்கன். எங்கள் பக்கத்தில் கத்தோலிக்கர் வீட்டுக் கலியாணப் படம் என்றால் கோவில் முகப்பு முழுவதும் விழ வேண்டும். சிலுவை வெட்டுப்பட்டால் படக்காரருக்கு ஏச்சு விழும். அந்தக் கணக்கிலேயே நான் ஒன்பது கோவிலுக்கும் போனேன். முன்வாசல், படி, கொப்பி, அடுத்த பஸ்.

புதன்கிழமை மத்தியானம் மனைவி தொலைபேசியில் வந்தாள்.

"எங்கை நிக்கிறியள்?"

"அஞ்சாவதிலை."

"சாப்பிட்டீங்களோ?"

"ஏழு படி."

"நான் படி கேக்கேல்லை."

ஏழாவது கோவிலில் நான்கு படிகள் இருந்தன. திரும்பத் திரும்ப எண்ணினேன், நான்குதான். ஆனால் முகப்பு சாம்பல் நிறக் கல். வெள்ளிக்கிழமை வீட்டுக்கு வந்து கொப்பியை மேசையில் வைத்து, இதுதான் என்றேன்.

"படத்திலை செங்கல்லெல்லோ?" என்றாள் மனைவி.

"பிறகு மேலாலை கல்லு ஒட்டியிருப்பினம்."

"அப்ப உங்கட பதினேழு?"

"கல்லுக்குப் பின்னாலை இருக்கும்."

"உங்கட கந்தோரிலையும் இப்பிடித்தானோ காணிப்படம் கீறினனீங்கள்?"

எனக்குக் கோபம் வந்தது. கோபம் வந்ததாலேயே உடனே மருமகளுக்குத் தொலைபேசி எடுத்துப் பெயரைச் சொல்லி, அனுப்பச் சொன்னேன். சத்திரசிகிச்சைக்குப் பதினெட்டு நாள்.

அந்தப் பத்து நாளும் சம்பந்தி அம்மா நல்ல உற்சாகமாக இருந்தார். கல்லுக் கோவிலில் வியாழக்கிழமைக்கு ஒரு பூசைக்குச் சொல்லிவைத்தார். அலுமாரியிலிருந்து ஒரு நீலக் கோட்டை எடுத்து வெயிலில் போட்டார். நான் போகும்போதெல்லாம் "நான்கு படியும் இன்னும் இருக்கின்றனவா?" என்று கேட்பார். இருக்கின்றன என்பேன். கல்லைப் பற்றி அவரிடம் நான் வாய் திறக்கவில்லை.

பதில் திங்கட்கிழமை வந்தது. முன்னும் பின்னுமாக ஆறு வருடத்து ஏடுகளைப் பார்த்தோம், அப்படி ஒரு கலியாணம் இல்லை. எட்டு நாள் மிச்சம்.

நாங்கள் போனபோது சம்பந்தி அம்மா கட்டிலில் இருந்தார். படம் அவர் மடியில் இருந்தது. "என் அக்கா பொல்லாதவள்," என்றார். "ஆனால் பொய் சொல்ல மாட்டாள்." படத்தைக் கட்டிலருகே இருந்த மேசை லாச்சிக்குள் முகம் கீழே இருக்க வைத்து மூடினார். மகளைப் பார்த்து, வியாழக்கிழமைப் பூசையை நிறுத்தச் சொன்னார். பிறகு, மருத்துவமனைக்கும் சொல், எனக்கு யோசிக்கக் கொஞ்சம் நாள் வேண்டும் என்றார்.

மருமகள் வெளியே வந்தாள். குசினியில் அடுப்புக்குக் கிட்ட நின்று என்னிடம் ஆங்கிலத்தில் சொன்னாள்: இந்த மாதத்தைத் தாண்டக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார், அம்மாவுக்கும் அது தெரியும்.

மகன் எங்களைக் காரில் கொண்டுவந்து விட்டான். வழியில் பதின்மூன்று சிக்னல். எட்டில் சிவப்பு.

"அப்பா, உங்களை ஒருத்தரும் பிளேம் பண்ணேல்லை."

"கல்லு எண்டு எனக்குத் தெரியும். தெரிஞ்சுகொண்டுதான் குடுத்தனான்."

"விடுங்கோ."

"என்னத்தை விடுறது? அந்த மனுசி ஒப்பரேசனைத் தள்ளப் போகுது. என்னாலை."

"இஞ்சாருங்கோ, அவன் காரோடட்டும்," என்றாள் மனைவி பின் இருக்கையிலிருந்து.

மறுநாள் செவ்வாய், ஏழு நாள். காலைத் தேநீருக்குப் பிறகு என் தொலைபேசியில் இருந்த படத்தின் பிரதியை மனைவி வாங்கிப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அஞ்சு பேர்," என்றாள்.

"அதை நான் முதல் நாளே எண்ணினனான்."

"எங்களுக்கும் அஞ்சு பேர்."

நான் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தேன்.

இதை நான் எழுத வேண்டியிருக்கிறது. என் மனைவி சைவ வீட்டுப் பெண். நாங்கள் விரும்பிக் கலியாணம் செய்தோம். ஞானஸ்நானம் எடுத்துவிட்டுக் கட்டு என்று என் வீட்டில் சொன்னார்கள். தகப்பன் கிடையாகக் கிடக்கிறார், அவர் கண் மூடும் வரைக்கும் மாறமாட்டேன் என்று இவள் சொன்னாள். ஆயரின் அனுமதி வந்தது. ஆனால் எங்கள் பங்குச் சுவாமியார் பழைய முறைக்காரர். பீடத்தில் இல்லை, பூசை இல்லை, பாட்டு இல்லை என்றார். பூசை உடுப்புகள் வைக்கும் பின்னறையில், பக்கக் கதவால் கூட்டிக்கொண்டு போய், எங்களுக்குக் கலியாணம் கட்டிவைத்தார். நாங்கள் இரண்டு பேர், என் கந்தோர் நண்பரும் அவர் மனைவியும், சுவாமியார். பதினான்கு நிமிடம். அலுமாரிக்கு மேலே கை உடைந்த சூசையப்பர் சிலை ஒன்று சுவரைப் பார்த்தபடி இருந்தது. வெளியே வந்தபோது மூன்று படிகள். என் வீட்டிலிருந்து ஒருவரும் வரவில்லை. படம் எடுக்கவும் இல்லை.

இரண்டு வருடம் கழித்து, மாமனார் காலமான பிறகு, இவள் ஞானஸ்நானம் எடுத்தாள். பிள்ளைகளுக்கு நாங்கள் வேறு கதை சொன்னோம். கலியாணத்துக்கு முன்பே அம்மா மாறிவிட்டா, பெரிய பீடத்தில் பாட்டுப் பூசையோடு கலியாணம், அல்பம் இடம்பெயர்வில் தொலைந்துபோனது. எங்கள் சனத்தில் அல்பம் தொலைந்தது என்று சொன்னால் யாரும் மேற்கொண்டு கேட்கமாட்டார்கள். எல்லா வீட்டிலும் தொலைந்திருக்கிறது.

"அது முன்வாசல் இல்லையப்பா," என்றாள். "அந்தப் பொம்பிளையின்ரை முகத்தைப் பாருங்கோ. முன்வாசலாலை வந்தவள் அப்பிடி நிக்கமாட்டாள்."

"முதல் நாளே உமக்குத் தெரிஞ்சதோ?"

"பூ இல்லை எண்டு சொன்னனான்தானே. நீங்கள் படியை எண்ணிக்கொண்டு இருந்தனீங்கள்."

ஒன்பது கோவிலிலும் நான் ஒருமுறைகூடச் சுற்றி நடக்கவில்லை. கொப்பியைத் திறந்து பார்த்தேன். செங்கல் கோவில்கள் ஆறு. அதில் முதலாவது, நான் இரண்டு நிமிடத்தில் வெட்டியது.

புதன்கிழமை காலை பார்க்டேலுக்கு இரண்டு பேருமாகப் போனோம். பஸ், சுரங்க ரயில், பிறகு தெருவில் ஓடும் ராம் வண்டி. பதினொரு படிகளையும் கடந்து வலது பக்கமாகப் போனோம். அங்கே சக்கர நாற்காலிக்கான சரிவுப் பாதை ஒன்றைப் புதிதாகப் போட்டிருந்தார்கள். அதன் ஓரத்தில் ஒரு கதவு. கதவுக்குக் கீழே படிகள்.

"எண்ணுங்கோவன்," என்றாள்.

நான்கு. இடது பக்கம் வளைந்த யன்னல். மேற்படியில் நின்று விரலை வைத்து வைத்துச் செங்கல் வரிகளை எண்ணினேன். பதினொன்றில் எண்ணிக்கை தவறிவிட்டது. திரும்பவும் முதலிலிருந்து எண்ணினேன். பதினேழு.

கோவிலின் காரியதரிசிப் பெண் நல்லவள். சம்பந்தி என்றால் என்ன உறவு என்று அவளுக்கு விளக்க இரண்டு நிமிடம் பிடித்தது. அந்தக் காலத்து ஏடுகளை அவர்கள் அந்த அலுவலகத்துக்கு அனுப்பவில்லை, இரும்பு அலுமாரியில் இங்கேயே இருக்கின்றன. ஆனால் அலுமாரியின் திறப்பு குருவானவரிடம் இருக்கிறது. அவர் வெள்ளிக்கிழமைதான் வருவார்.

வெள்ளி என்றால் நான்கு நாள். மருத்துவமனையில், ஒத்திவைப்பதா இல்லையா என்று வியாழக்கிழமைக்குள் சொல்லச் சொல்லியிருந்தார்கள். ஏடு திறக்க முதல் சம்பந்தி அம்மா முடிவெடுக்க வேண்டும்.

அங்கிருந்து நேரே அஜின்கோர்ட்டுக்குப் போனோம். மகன் வேலை முடிந்து வந்திருந்தான். நான்கு பேருமாகச் சம்பந்தி அம்மாவின் அறைக்குள் போனோம். நான்கு படி, வளைந்த யன்னல், பதினேழு வரி என்று சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டிருந்தார்.

"போன முறையும் நான்கு படி என்றுதான் சொன்னீர்," என்றார்.

"ஓம். போன முறை கல்லை மறைத்துவிட்டேன். அது என் பிழை."

"சரி. மரியாதையான சனங்கள் ஏன் பக்கக் கதவில் நின்று கலியாணப் படம் எடுக்க வேண்டும்?"

"இரண்டு பேரில் ஒருவர் கத்தோலிக்கர் இல்லாவிட்டால் அப்படித்தான் செய்வார்கள். பின்னறையில், பூசை இல்லாமல். ஆனால் அது கோவில் கலியாணம்தான். ஏட்டில் இருக்கும்."

"அப்படித்தான் செய்வார்கள் என்று உமக்கு எப்படித் தெரியும்?"

புத்தகத்தில் படித்தேன் என்று சொல்லியிருக்கலாம். அந்தப் பதில் வாய் வரைக்கும் வந்தது. மகன் கதவு நிலையில் சாய்ந்துகொண்டு நின்றான்.

"சொல்லுங்கோ," என்றாள் மனைவி. "இல்லாட்டி நான் சொல்லுறன்."

சொன்னேன். ஆங்கிலத்தில், சம்பந்தி அம்மாவைப் பார்த்து, மகனைப் பாராமல். பின்னறை, ஐந்து பேர், பதினான்கு நிமிடம், மூன்று படி. சொல்லி முடிக்க மூன்று நிமிடம்கூட ஆகவில்லை. ஐம்பது வருடத்துக்கு மேல் வைத்திருந்தது.

மகன்தான் முதலில் வாய் திறந்தான்.

"அப்ப அல்பம்?"

"அல்பம் இல்லை."

"துலையேல்லையோ?"

"எடுத்தால்தானே துலையும்."

"நான் ஸ்கூலிலை ஃபமிலி புரொஜெக்ட் செய்யேக்கை கப்பலிலை துலைஞ்சது எண்டு சொன்னீங்கள். தங்கச்சிக்கு வன்னியிலை எண்டு சொன்னீங்கள். நாங்கள் ரெண்டு பேரும் இதுக்காகச் சண்டை பிடிச்சனாங்கள்."

"ரெண்டு இடத்திலையும் துலைஞ்சது," என்றாள் மனைவி.

அவன் சிரிக்கவில்லை. போகவும் இல்லை. மருமகள் அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

சம்பந்தி அம்மா என் மனைவியைப் பார்த்துக் கேட்டார்: "உங்களுக்கு வெட்கமாக இருந்ததா?"

மனைவிக்கு ஆங்கிலம் கொஞ்சம்தான் வரும். ஆனால் இதற்கு அவள் சொல் தேடவில்லை. "எனக்கு வெட்கம் இல்லை. கோபம். வெட்கப்பட்டது இவர்," என்று என்னைக் காட்டினாள்.

சம்பந்தி அம்மா லாச்சியை இழுத்துப் படத்தை எடுத்தார். கண்ணாடியைக் கழற்றி, படத்தை மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோய் வெகுநேரம் பார்த்தார். "வெயில் கண்ணில் அடித்ததால் முகத்தைச் சுளிக்கிறாள் என்றுதான் இவ்வளவு காலமும் நினைத்தேன்," என்றார். மனைவி கட்டில் ஓரத்தில் போய் இருந்து, தானும் பார்த்து, "கோபம்," என்றாள். கிழவிகள் இரண்டு பேரும் சிரித்தார்கள்.

சிரிப்பு அடங்கியதும் சம்பந்தி அம்மா மகளிடம் சொன்னார்: "மருத்துவமனைக்குச் சொல். நான் செவ்வாய்க்கிழமை வருகிறேன்."

ஏடு இன்னும் திறக்கவில்லை. இந்த நகரத்தில் பக்கவாசலில் நான்கு படி வைத்த செங்கல் கோவில் இன்னொன்று இருக்காது என்று யார் சொன்னது? என் பேச்சை நம்பி அவர் முடிவெடுத்துவிட்டார். வெள்ளிக்கிழமை ஏட்டில் இல்லை என்று வந்தால் அவர் அந்த நினைப்போடு சத்திரசிகிச்சை மேசையில் படுக்க வேண்டும். வியாழன் முழுவதும் வீட்டுக்குள் நடந்தேன். யன்னலிலிருந்து கதவுக்குப் பன்னிரண்டு அடி.

"இருங்கோ ஒரு இடத்திலை," என்றாள் மனைவி.

வெள்ளிக்கிழமை பதினொன்று இருபதுக்கு மருமகள் தொலைபேசி எடுத்தாள். "மாமா," என்று தொடங்கி, பிறகு அழுதாள். எந்த அழுகை என்று எனக்குத் தெரியவில்லை. நான் நின்றபடியே காத்திருந்தேன். ஏட்டில் இருக்கிறது. பாட்டியின் பெயர், பாட்டனின் பெயர், இரண்டு சாட்சிகள். ஓரத்தில் இலத்தீனில் இரண்டு வரி: மாப்பிள்ளை கத்தோலிக்கர் அல்ல, ஆயரின் அனுமதியோடு நடந்தது. அக்கா எதையோ அரைகுறையாகக் கேள்விப்பட்டிருக்கிறார். மீதி அரைவாசியை யாரும் அவருக்குச் சொல்லவில்லை.

சனிக்கிழமை காலை அங்கே பூசை. முன்வாசலில் பதினொரு படி என்பதால் சக்கர நாற்காலியைப் பக்கத்தால் கொண்டுவரச் சொல்லியிருந்தார்கள். நீலக் கோட்டுப் போட்டிருந்தார். சரிவுப் பாதைக்குக் கிட்ட வந்ததும் நாற்காலியை நிறுத்தச் சொல்லி எழும்பினார்.

"அம்மா, படி ஏறக் கூடாது," என்று மருமகள் பதறினாள்.

"இதில் ஏறாமல் நான் போகமாட்டேன்."

மனைவி அவருடைய கையைத் தன் கைக்குள் எடுத்துக்கொண்டாள். ஒவ்வொரு படியிலும் நின்றார்கள். இரண்டாவது படியில் நெடுநேரம் நின்றார்கள். சம்பந்தி அம்மாவின் தோள் ஏறி இறங்கியது கீழேயிருந்து தெரிந்தது. நான் மூச்சுகளை எண்ணினேன். ஒன்பதாவது மூச்சில் மூன்றாவது படிக்குக் கால் வைத்தார். மேலே போனதும் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு திரும்பி எங்களைப் பார்த்தார். மருமகள் தொலைபேசியைத் தூக்கிப் படமெடுத்தாள்.

நானும் மகனும் வெறும் நாற்காலியைச் சரிவுப் பாதையால் தள்ளிக்கொண்டு போனோம். புதன்கிழமைக்குப் பிறகு அவன் என்னோடு அவ்வளவாகப் பேசவில்லை.

"உங்கட கோவிலிலை மூண்டு படி எண்டனீங்கள்," என்றான்.

"ஓம்."

"அது இப்பவும் நிக்குதோ?"

"கோவில் நிக்குது. பின்னறைக்கு ஷெல் விழுந்தது எண்டு கேள்வி. படியைப் பற்றி ஒருத்தரும் சொல்லேல்லை."

"ஆரிட்டையும் கேட்டுப் பாக்கட்டோ?"

கேள் என்றேன்.

சத்திரசிகிச்சை நான்கு மணித்தியாலமும் பத்து நிமிடமும் எடுத்தது. காத்திருக்கும் அறையில் முப்பத்திரண்டு கதிரைகள், ஒன்றுக்குக் கால் ஆட்டம். இன்றைக்கு நாற்பத்தொரு நாள். அவர் கீழறையில் நடக்கிறார். மகன் எங்கள் ஊர்த் தீவில் இருக்கிற யாருக்கோ, அந்த மூன்று படிகளைக் கேட்டு எழுதிப் போட்டிருக்கிறான். பதில் இன்னும் வரவில்லை. வந்துவிட்டதோ என்று என் மனைவி என்னைக் கேட்பதில்லை, அவனைத்தான் கேட்கிறாள்.